தொடர் கொலையாளிக்கு ஒன்பது கட்டம்

பத்திரிகையில் சிறுவர் பக்கம் தயாரிப்பவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: எதைக் கொடுத்தாலும் எளிமையாக்கித் தருவோம் என்று ஆசிரியர் நம்பிவிடுவார். புள்ளிகளை இணைத்தால் முயல் வரும், ஆறு வித்தியாசம் கண்டுபிடி, சரியான கட்டத்தில் டிக் போடு என்று பிரிக்ஃபீல்ட்ஸ் மாடி அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். கீழே தோசைக்கல் வாசனை, பின்னால் ரயில் சத்தம். என்னைப்போல் கத்தரிக்கோலும் பசையுமாக வாழ்ந்தவர்களே, உங்களுக்கு இது புரியும்.

வரியா, கட்டமா?

குற்றச் செய்தி எழுதுபவர் திடீரென்று வேலையை விட்டுப் போனார். ஞாயிறு இதழுக்கு அவர் அறிவித்திருந்த 'தொடர் கொலையாளியின் மனம்' என்ற கட்டுரை என் மேசைக்கு வந்தது. செமினியில் இருந்த ஓய்வுபெற்ற மனநல மருத்துவர் ஒருவரிடம் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டேன். ஒரு கொலைக்கும் அடுத்த கொலைக்கும் நடுவே அவன் வேலைக்குப் போவான், சாமி கும்பிடுவான், பக்கத்து வீட்டுக்காரரிடம் மழையைப் பற்றிப் பேசுவான் என்றார். பிடிபட்டவர்களிடம் அடிக்கடி தென்பட்ட ஒன்பது குணங்களைச் சொன்னார். கடைசியாக, "இதெல்லாம் பிடிபட்டவங்களைத் திரும்பிப் பார்த்து எழுதினது. இதை வச்சு ஆளைத் தேட முடியாது" என்றார்.

ஒன்பது குணங்களையும் வரிசையாக எழுதி, கை பழக்கத்தில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம் வரைந்துவிட்டேன். பக்கம் அழகாக இருந்தது, இடம்தான் போதவில்லை. டாக்டரின் கடைசி வரியை எடுத்தால் கட்டங்கள் நிற்கும். எடுத்துவிடச் சொன்னேன். பக்கம் வடிவமைக்கும் குமார் சந்தோஷமாகச் சொன்னார்: "நல்லதுலா அக்கா, வரியை எல்லாம் யாரு படிக்கிறா?"

கிள்ளானிலிருந்து ஒரு போன்

எங்கள் வாசகர்களை நாங்களே அப்படிப் பழக்கியிருந்தோம். கட்டம் இருந்தால் டிக் போட வேண்டும். வெட்டி எடுத்து, பெயர் எழுதி, அனுப்ப வேண்டும். புதன்கிழமைக்குள் உறைகள் வந்து குவிந்தன. வாட்ஸ்அப்பில் படங்கள் தனி. அனுப்பியவர்களில் பலர் சின்ன வயதில் எனக்குப் புதிர் விடை அனுப்பியவர்கள். ஒருவருடைய 'ழ' இன்னும் அதே கோணல். ஆனால் கட்டங்களுக்கு மேலே எழுதியிருந்த பெயர்கள் அவர்களுடையவை அல்ல: மாமியார், மைத்துனர், மேனேஜர், எதிர்வீட்டு அங்கிள்.

கிள்ளானிலிருந்து ஓர் அம்மா போனில் கூப்பிட்டார். குரலில் உண்மையான கவலை. "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு அஞ்சு டிக் வருது. இப்பவே பயப்படணுமா, ஆறு வந்தப்புறம் பயந்தா போதுமா?"

ஒன்பதுக்கு ஒன்பது

சிரித்து முடிப்பதற்குள் செல்வம் வந்தார். ஐம்பது வயதிருக்கும், செந்தூலில் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஸ்டோர் கீப்பர். பாக்கியம் ஆன்டி என்பவரின் வீட்டில் பதினோரு வருஷமாக வாடகை அறையில் இருப்பவர். நான் போட்ட பக்கத்தை என் மேசையில் விரித்தார். ஒன்பது கட்டத்திலும் டிக். எல்லாம் ஆன்டி போட்டவை. மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம்.

தனியாக இருப்பவர். சரி. அதிகம் பேசாதவர். சரி. பொருள்களை ஒழுங்காக அடுக்குபவர். "ஸ்டோர்ல வேற எப்படிக்கா வைக்கிறது?" என்றார். 'பிறர் துயரத்தில் மனம் கலங்காதவர்' என்ற ஒன்பதாவது கட்டத்திலும் டிக் இருந்ததே, அது எப்படி என்று கேட்டேன். "ஆன்டி வீட்டுக்காரர் செத்த அன்னிக்கு நான் அழலையாம். நான் நாற்காலி எடுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேன், அக்கா. வந்தவங்க உட்காரணும்ல?"

'சிறு வயதில் வீட்டில் அடி வாங்கியவர்' என்ற கட்டத்தின்மேல் அவர் விரல் நின்றது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் அந்தக் கட்டத்துக்குத் தப்பிய பிள்ளையே கிடையாது என்று சமாதானம் சொன்னேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. "எங்கப்பா அடிச்சதை இந்த ஊர்ல நான் ஆன்டிகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

என் மதிப்பெண்

அடுத்த ஞாயிறு அதே இடத்தில், அதே ஒன்பது கட்டங்களை மறுபடி போட்டேன். இந்த முறை மேலே என் பெயர். தனியாக வாழ்கிறேன். மெதுவாகப் பேசுவேன். என் பென்சில்கள் உயர வரிசைப்படி நிற்கும். செய்திகளை வெட்டி ஒட்டிச் சேர்க்கிறேன். அடி வாங்கியிருக்கிறேன். நேர்மையாகப் போட்டால் எட்டு டிக் விழுந்தது. கீழே, டாக்டரின் வரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அதை வெட்டியது என் தவறு என்றும் எழுதினேன்.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு செந்தூலுக்குப் போனேன். வராந்தாவில் செல்வத்தின் இரண்டு பெட்டிகள் கயிறு கட்டி நின்றன. பாக்கியம் ஆன்டி கண்ணாடி போட்டு, விரல் வைத்து என் டிக்குகளை எண்ணினார். டாக்டரின் வரியை இரண்டு முறை படித்தார். பிறகு என்னை விட்டுவிட்டு, பெட்டிகளின் பக்கத்தில் நின்ற செல்வத்திடம் பேசினார். "அன்னிக்கு நாப்பது நாற்காலி போட்டியா நீ?"

"அம்பது, ஆன்டி."

ஆன்டி குனிந்து, தாமே கயிற்றை அவிழ்த்தார். "பெட்டியை உள்ள வை. தேத்தண்ணி ஆறுது." செல்வம் பெட்டியோடு உள்ளே போனார். நானும் செருப்பைக் கழற்றினேன். ஆன்டி வாசலில் கையை வைத்து மறித்துக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னார்: "அவன் இங்கேயே இருக்கட்டும். நீங்க எட்டு வாங்கியிருக்கீங்க, நீங்க வெளியவே நில்லுங்க."

புள்ளிகளைக் குழந்தைகள் இணைத்தால் முயல் வருகிறது, பெரியவர்கள் இணைத்தால் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர்தான் வருகிறார்.