அளவு கொடுக்க வந்த கை

நம்பாதவர்கள் நம்பாமலே போகலாம். எனக்கு நட்டமில்லை. நடந்தது எனக்கு. அதுவும் பட்டப்பகலில்.

செட்டிபாளையத்தில் வாவிக்கரையோரம், சீனிப்பிள்ளை அண்ணரின் அறையை வாடகைக்கு எடுத்துக் கலியாணப் பூவேலை செய்துவந்தேன். சின்ன வயதிலிருந்தே வலை இழுத்த கை. அந்தக் கையால் றோசாவைத் தொடப் பழகுவதற்குள் சீவன் போய்விட்டது. நகம் பட்டால் போதும், வெள்ளை இதழ் பழுத்துவிடும்.

அன்று கட்டியது என் தங்கை விதுசா மணவறையில் கையில் பிடிக்கும் பூச்செண்டு. விடிந்தால் கலியாணம். நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் வந்த பூ. ஒவ்வொரு காம்பையும் ஒட்ட வெட்டி, மெல்லிய கம்பி குத்தி, பச்சை டேப் சுற்றி, ஈரத்துணியில் கிடத்தினேன். வெக்கை ஏறாதபடி ஜன்னலைச் சாத்தி, வாவிப்பக்க வாசலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டிருந்தேன். அறை அரை இருட்டு.

கைப்பிடியில்தான் சிக்கல். மணப்பெண் ஒருமுறை பிடித்துப் பார்த்தால்தான் தடிப்புச் சரிவரும். விதுசா போனிலேயே மறுத்துவிட்டாள்.

"தாலிக்குப் பொன்னுருக்கின பிறகு பொம்புள வீட்டு வளவு தாண்டக் கூடாதாம். அம்மா காலை முறிப்பா, அண்ணா. நீயே மட்டுக்கட்டிக் கட்டு."

பகல் பன்னிரண்டே கால். சாக்கை விலக்கிக்கொண்டு ஒரு கை உள்ளே வந்தது. பெண் கை. உள்ளங்கையில் மருதோன்றிச் சிவப்பு.

நான் நிமிரவில்லை. கண் டேப்பில்.

"களவா வந்திட்டியா? அம்மா கண்டா தும்புத்தடி பறக்கும். கெதியாப் பிடி."

பிடித்தாள்.

விரல்கள் ஊதியிருந்தன. விதுசாவுக்கு மெலிந்த விரல். பலகாரம் சுட்ட வெக்கையாக்கும் என்று நினைத்தேன். ஆனால் கை குளிர்ந்து கிடந்தது. டேப் ஒட்டவில்லை. துடைத்தேன். மறுபடியும் ஈரம்.

சொட்… சொட்…

வாவிச் சேற்று மணம்.

"என்ன புள்ள, குளிச்சிட்டா வந்தாய்?"



மேசையில் போன் அடித்தது. விதுசா.

"அண்ணா, பூ முடிஞ்சுதா? இஞ்ச மருதோண்டி போடுறாங்க. ரெண்டு கையும் அசைக்க ஏலா. மச்சாள்தான் போனைப் பிடிச்சிருக்கா."

அந்தக் கை இன்னும் என் கைக்குள் இருந்தது.

இழுத்தேன். வரவில்லை. காம்புகளோடு என் விரல்களையும் சேர்த்து இறுக்கியது. எலும்பு நொறுநொறுத்தது.

"விடு! இது என்ர தங்கச்சிக்கு!"

சாக்குக்குப் பின்னால் குரல். மிகக் கிட்ட.

"ஓம்… அவளுக்குத்தான். கட்டு."

இடக்கையால் கம்பி வெட்டும் குறட்டை எடுத்தேன். டேப்பை வெட்டினேன்.

அந்தக் கை போய்விட்டது.

சாக்கை இழுத்தெறிந்தேன். வாவி. வெயிலில் காய்ந்த படிகள். ஒரு கால்தடமும் இல்லை.

பூவைப் பார்த்தேன். நசுங்கியிருக்க வேண்டும். ஒரு இதழ்கூடக் கசங்கவில்லை. வந்தபோது இருந்ததைவிடப் புதிதாக இருந்தது.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பூ, கம்பி, டேப் எல்லாவற்றையும் பிய்த்து முற்றத்தில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். விதுசா பிளாஸ்டிக் பூவோடு மணவறைக்குப் போனாள். அழுதுகொண்டே போனாள். இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. பரவாயில்லை. இருக்கிறாள்.

அறையைக் காலிசெய்து பூட்டி, திறப்பைக் கொடுக்கப் போனபோது சீனிப்பிள்ளை அண்ணர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அளவு குடுக்க வந்துதா, தம்பி?"

திறப்பை அவர் கையில் வைத்துத் தலையாட்டினேன்.

"உனக்கு முதல் இருந்தவனும் பூக்கட்டுறவன்தான். மகள்ட கலியாணத்துக்குக் கட்டினவன். அந்தக் கை சொன்னபடி கட்டி முடிச்சு, மகளுக்கே குடுத்திட்டான்."

"பிறகு?"

"தாலி கட்டின அண்டு பின்னேரம், பிள்ள இந்தப் படியால இறங்கித் தண்ணிக்க நடந்திட்டு. மூணாம் நாள்தான் எடுத்தம். விரலை விரிக்க ஏலாமப் போயிற்று, தம்பி. பூவோடயே குழியில தாட்டம்."