எங்கள் வீட்டு மாவிளக்கும் தாலுகா கோப்பையும்

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரே பேச்சுதான். இந்த வருஷம் தாலுகா கபடிக் கோப்பை எந்த ஊருக்கு? கம்பெனி பஸ்ஸில் அதே பேச்சு, பால் பூத்தில் அதே பேச்சு, தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும்போதும் அதே பேச்சு. லாரி ஏன் இன்னும் வரவில்லை என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

கேட்டுக் கேட்டு எனக்கும் எல்லாம் அத்துப்படி. ராயக்கோட்டை ரோட்டு ஊர்க்காரர்கள் மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கித் தூக்கித் தோள் இறுகியவர்கள். பிடித்தால் விட மாட்டார்கள், ஆனால் பாடிப் போனால் பாதியிலேயே மூச்சு வாங்கும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து டீம், காட்டோரம் இருப்பதால் யானைக் காவலுக்குப் போய்விட்டு வந்து முதல் பாதி முழுக்கத் தூங்கி வழியும். இரண்டாம் பாதியில் விழித்துக்கொண்டால் யாராலும் நிறுத்த முடியாது. எல்லையோர ஊர் டீம் களத்துக்குள் கன்னடத்தில் ரகசியம் பேசித் திட்டம் போடும், எதிராளிக்குப் புரியாது என்று. இங்கே யாருக்கய்யா கன்னடம் தெரியாது?

எங்கள் ஊர் டீமில் சொல்லிக்கொள்கிற மாதிரி என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். 'எங்கள் ஊர்' என்று எழுதும்போதே கை கூசுகிறது. நாங்கள் குடியிருக்கும் ஊர். சிப்காட்டை ஒட்டி, முன்பு கொள்ளு விளைந்த நிலத்தில் வரிசையாக லைன் வீடு கட்டி விட்டிருக்கும் ஊர். சாமல்பட்டியிலிருந்து கல்யாணமான கையோடு இங்கே வந்தோம். அவர் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். நான் இன்னொரு கம்பெனியில் ஒயர் கோக்கிற வேலை. வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் ஆள் குறைகிறது என்று இறக்கிவிட்டார்கள். அன்றையிலிருந்து அவர் அந்த ஊர் டீமின் உயிர். அவர் பாடிப் போனால் போனஸ் கோட்டைத் தொட்ட கால் திரும்புவதற்குள் கை ஒருத்தனைத் தொட்டிருக்கும். கூட்டம் எழுந்து நின்று கத்தும். ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கத்தும்.

நல்லாவே ஆடினார். அதை நான் குறை சொல்லவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆட்டத்தில் அவர் முட்டி திரும்பிவிட்டது. ஆபரேஷன் என்றார்கள். ஆபரேஷன் என்றால் வேலை போய்விடும், காண்ட்ராக்ட் ஆளுக்கு யார் லீவு தருவார்கள்? அந்த ஊர் மாரியம்மனிடம் நின்று வேண்டிக்கொண்டேன். கத்தி படாமல் கால் சரியாகட்டும் தாயே, உன் திருவிழாவில் ஊர் வரிசையோடு மாவிளக்கு எடுக்கிறேன் என்று. கால் சரியாகிவிட்டது. அவர் முதல் காரியமாக மறுபடி களத்துக்குப் போனார். நான் கடனைத் தீர்க்கச் சித்திரை வரும்வரை காத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் மாவிளக்கு என்றால் சும்மா இல்லை. திருவிழா அன்று பச்சரிசி மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவே குழித்து நெய் ஊற்றித் திரி போட்டு, தட்டைப் பூவால் ஜோடித்துப் பெண்கள் தலையில் வைத்துக்கொண்டு பம்பை அடிக்க வரிசையாகப் போவார்கள். எந்த வீட்டுத் தட்டு ஊர் வரிசையில் போகிறதோ அதுதான் ஊர் வீடு. மற்றதெல்லாம் வெறும் கதவு எண்.

நான் தட்டோடு போய் வரிசையில் நின்றபோது ஓனரம்மா வந்தார். எங்கள் லைன் வீடுகளின் ஓனர்தான் கபடி கிளப்புக்குத் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவரே. அவர் மனைவி என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அன்றும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"சாமல்பட்டின்னு சொன்ன இல்ல? சாமல்பட்டியில எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கம் என்றால் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். ஓனரம்மா பக்கத்தில் நின்ற பெண்ணிடம் அதைத் தெலுங்கில் சொன்னார். வந்து இத்தனை வருஷத்தில் எனக்குத் தெலுங்கு வராது என்று நினைத்திருக்கிறார் போல. பிறகு என் தோளைத் தொட்டு, "வாடகைக்கு இருக்கறவங்கள வரிசையில சேக்கறது இல்லம்மா. கூட்டம் போனப்புறம் வந்து தனியா ஏத்திட்டுப் போ. சாமி எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார். சாமி ஒன்றுதான், வரிசைதான் ரெண்டு. தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த தையில் எங்கள் டீம் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து ஃபைனலுக்கு வந்தது. அந்த ஊர் வரலாற்றிலேயே முதல் தடவை. எதிரே எல்லையோர ஊர். என் வீட்டுக்காரர் சோற்றைக் கூட நின்றுகொண்டே சாப்பிட்டார். "வயசு ஆச்சு, முட்டியும் சொன்ன பேச்சு கேக்கல. இந்த ஒரு வருசம்தான். ஒரே ஒரு கப்பு," என்பார். அந்த ஆசை எனக்கும் புரிந்தது. ஒரு மனுஷன் தன் வாழ்நாளில் ஒன்றில் கெட்டிக்காரன் என்றால், அதில் ஒரு தரம் ஜெயித்துப் பார்க்க வேண்டாமா?

இந்தப் போட்டிக்கு ஒரு விதி உண்டு. அந்தந்த ஊர் ஆள்தான் அந்தந்த ஊருக்கு ஆட வேண்டும். முன்னொரு காலத்தில் ஒரு ஊர் பெங்களூர் பக்கமிருந்து ஏழு பேரையும் கூலிக்குக் கொண்டுவந்து இறக்கி, கோப்பை வாங்கி, கோயிலுக்குப் போகச் சொன்னால் ஏழு பேருக்கும் கோயிலுக்கு வழி தெரியாமல் நின்றார்களாம். அதிலிருந்து இந்த விதி. ஊர் ஆளா இல்லையா என்பதற்கு ஆதார் செல்லாது. ஆதாரில் விலாசம் மாற்றுவதற்கு ஒரு மத்தியானம் போதும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் சந்தேகம் வந்தால் போட்டிக் கமிட்டி ஒரே கேள்விதான் கேட்கும்: அவன் வீட்டு மாவிளக்கு ஊர் மாவிளக்கோடு போகிறதா? அதையும் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள். கோப்பைக்காக ஆம்பளைகள் எதையும் சொல்வார்கள், பெண்கள் சாமி விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

ஃபைனல் அன்று காலையில் எல்லையோர ஊர்க்காரர்கள் என் வீட்டுக்காரர் மேல் ஆட்சேபணை கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஓனர் எங்கள் வாசலில் நின்றார். வாடகை விஷயமாகக்கூட அவர் வந்ததில்லை, ஆள்தான் வரும். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"ஏம்மா, கிரவுண்டுல கேப்பாங்க. போகுதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு."

"எது போகுதுங்க அண்ணா?"

"அதாம்மா. மாவெளக்கு."

"போகலைங்களே."

என் வீட்டுக்காரர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே தலையைத் தூக்கினார். ஓனர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அத எதுக்கும்மா இப்ப? ஊரு மானம் இருக்குது. உன் வீட்டுக்காரனுக்குத்தானே நல்லது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. போன சித்திரையில் இல்லாத மானம் தையில் எங்கிருந்து முளைத்தது? ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன், என் வீட்டுக்காரர் முகத்தை. கையில் லேஸ் அப்படியே நின்றிருந்தது. அதனால் ஒன்று சொன்னேன்.

"நான் சொல்ல மாட்டேனுங்க. நீங்க சொல்லுங்க. கோயில் கமிட்டித் தலைவரு நீங்கதானே? மைக்கில, அத்தன பேரு முன்னாடி சொல்லுங்க. நீங்க சொன்னீங்கன்னா இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்."

அவர் யோசித்தார். நன்றாகவே யோசித்தார். தான் என்ன கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. "சரிம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் களத்தைச் சுற்றிச் சுற்றுவட்டாரமே நின்றது. டிராக்டர் மேல், மதில் மேல், வேப்பமரத்தின் மேல். போட்டிக் கமிட்டிக்காரர் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஓனர் மைக்கை வாங்கிக்கொண்டார். "இந்த வீட்டு மாவெளக்கு எங்க ஊரு மாவெளக்கோடதான் போகுது. கோயில் கமிட்டித் தலைவரு நானே சொல்றேன். போதுமா?" என்றார். கமிட்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஓனரைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். கூட்டத்தில் இருந்த பெண்களையும் பார்த்தேன். ஓனரம்மா முதல் வரிசையில் நாற்காலியில் இருந்தார். எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷம்தான். கபடி என்ன ஆனது என்றுகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது இவர் பாடிப் போய் ரெண்டு பேரைத் தொட்டு, மூன்று பேர் இழுக்க இழுக்கக் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாராம். ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தது. கோப்பையை ஓனர் வீட்டு ஷோகேஸில் வைத்தார்கள்.

சித்திரை வந்தது. திருவிழா அன்று லீவு போட்டேன். அரிசி ஊற வைத்து, நானே உரலில் இடித்து, நெய்யில் குறை வைக்காமல் தட்டு ஜோடித்தேன். சீக்கிரமே போய் வரிசையில் நின்றேன். பம்பை ஆரம்பித்தது. கூட்டம் பெண்களை இடிக்காமல் இருக்க, கிளப் பையன்கள் ஜெர்சி போட்டுக்கொண்டு வரிசையின் ரெண்டு பக்கமும் கயிறு பிடித்தார்கள். என் பக்கக் கயிற்றைப் பிடித்திருந்தது என் வீட்டுக்காரர். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஓனரம்மா வரிசையை எண்ணிக்கொண்டே வந்தவர் என்னிடம் நின்றார். இந்தத் தடவை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி ஓனரைப் பார்த்தார். ஓனர் வந்தார்.

"ஏம்மா, என்னா இது?"

"நீங்கதானேண்ணா மைக்கில சொன்னீங்க?"

"அது ஆட்டத்துக்குச் சொன்னதும்மா. இது சாமி காரியம். ரெண்டும் ஒண்ணா?"

எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பம்பைக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அத்தனை பேரும் அன்று களத்தில் நின்று கைதட்டியவர்கள்தான். ஒருத்தராவது 'சொன்னீங்களே' என்று சொல்வார்கள் என்று நின்றேன். நின்றதுதான் மிச்சம்.

ஓனர் என்னை விட்டுத் திரும்பினார். என் வீட்டுக்காரரிடம், "ஏம்ப்பா, நேரம் ஆவுது பாரு," என்றார். அவ்வளவுதான்.

அவர் கயிற்றைக் கீழே போடவில்லை. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்தார், நான் குனியாமல் வெளியே வருகிற உயரத்துக்கு. தட்டு சாயக்கூடாது என்ற அக்கறை. "வீட்டுக்குப் போ. நான் வந்து பேசறேன்," என்றார் மெதுவாக. நான் வெளியே வந்தேன். கயிறு இறங்கியது. பம்பை மறுபடி ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து தட்டைச் சமையல் மேடையில் வைத்தேன். பக்கத்து வீடுகளில் ஒடிசாப் பையன்களும் திருவண்ணாமலைக்காரர்களும் வாசலில் நின்று ஊர்வலம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமி இந்தத் தெரு வழியாகத்தான் போகும். கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் வந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கினேன். இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு எங்காவது போகலாம் என்று அவரே சொல்வார் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு நம்பினேன் அந்த ஆளை.

அவர் வந்தார், சொன்னபடியே பேசவும் செய்தார். வரும் வருஷத்துக்கு அவரைக் கேப்டனாகப் போட்டிருக்கிறார்களாம். கோயில் வாசலிலேயே ஓனர் எல்லோர் முன்னாலும் அறிவித்துத் துண்டு போர்த்தினாராம். துண்டு இன்னும் தோளில் இருந்தது.

"அடுத்த வருசம் யாராவது ஆட்சேபண குடுத்து, மாவெளக்கு போகுதான்னு கேட்டா என்னா சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"இனிமே எதுக்குக் கேக்கப் போறாங்க? அதான் ஓனரண்ணன் மைக்கிலயே சொல்லிட்டாரே," என்றார். சொல்லிவிட்டுக் கை கழுவி வந்து, சோறு போடச் சொன்னார்.