குங்குமம் வைத்த ஜப்பான்காரி

அவள் நெற்றியில் அந்தக் குங்குமம் இன்னும் மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த பழைய ஜப்பானியப் படத்தின் நகல். வெறும் காலண்டர் தாள்தான். கண்ணாடி முன் உட்கார்ந்து, சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் கூந்தலை அள்ளிப் பிடித்திருக்கிறாள். யாராவது பார்ப்பார்களே என்ற நினைப்பே அவள் முகத்தில் இல்லை.

அத்தை பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே மெஷின் விற்ற ஜப்பான் கம்பெனி கொடுத்த காலண்டர் அது. ஆயுத பூஜையன்று ஸ்பேனர் முதல் ஸ்விட்ச் போர்டு வரை பொட்டு வைத்துக்கொண்டே வந்த யாரோ, அதே வேகத்தில் இவளுக்கும் வைத்துவிட்டார்கள். வருஷம் முடிந்ததும் தாளைக் கிழித்துப் போட ஒருவருக்கும் மனம் வரவில்லை. "குங்குமம் வெச்சாச்சு, குப்பையில எப்படிப் போடறது?" என்று தயங்கியவர்களிடம் கேட்டு வாங்கி வந்தார் அத்தை.

எங்கள் வீடு ஒற்றை அறை. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடியபின் எங்களோடு வந்த அத்தைக்கு அதில் ஒரு மூலைகூடச் சொந்தமில்லை. அவர் தலை வார உட்கார்ந்தால் போதும், அப்பாவுக்குக் காபி வேண்டும், அம்மாவுக்குக் குடம் தூக்க ஆள் வேண்டும், எனக்கு ரிப்பன் கட்டவேண்டும். பாதிப் பின்னலோடு எழுந்து வருவார். மீதியை பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டே பின்னுவார். படத்தை பீரோ கதவில் ஒட்டிவிட்டு ஒருநாள் சொன்னார்: "பாருடி, இவள யாருமே கூப்பிடல." எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் என் வீட்டில் அத்தைக்குத் தனி அறை இருக்கிறது. கதவு, கண்ணாடி, பக்கத்தில் அந்தப் படம். எனக்குத்தான் உட்கார நேரமில்லை. கொண்டை போடுவதே ஆபீஸ் கேப்பில் போகும்போதுதான். எவ்வளவு தூங்கினாலும் அலுப்பு தீராத வேலை.

இன்று காலை நான் செருப்பை மாட்டும்போதே போன் அடித்தது. நரைத்த கூந்தலை ஒரு கையில் பிடித்தபடி அத்தை வாசலுக்கு வந்துவிட்டார்.

"கூப்பிட்டியாம்மா?"

"இல்ல அத்தை. யாரும் கூப்பிடல. போய் உக்காருங்க."

தினமும் இதே கேள்வி, இதே பதில். அவர் காது இன்னும் அந்த ஒற்றை அறையிலேயே இருக்கிறது. நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. போனை எடுக்காமல், அவர் கண்ணாடி முன் உட்காரட்டும் என்று நின்றேன். அவர் உட்காரவில்லை.

"உன்னத்தான் கூப்பிடறாங்க போல. போம்மா," என்றார்.

அவருக்குப் பின்னால் குங்குமக்காரி மட்டும் நிதானமாகக் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள்.