வெறும் வயிற்றில் ஓர் உருண்டை

எங்கள் வீட்டில் பட்டாசு வாங்காத தீபாவளி உண்டு, மருந்து கிளறாத தீபாவளி கிடையாது. சுக்கு, ஓமம், திப்பிலி, சித்தரத்தை எல்லாம் இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு அம்மா கிளறுவாள். தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் என்பதால் அன்றைக்குச் சந்தே தும்மும். பார்க்கக் கறுப்பாக, பசை மாதிரி இருக்கும். லேகியம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு அது மருந்து. பலகாரம் தின்று கெட்ட வயிற்றைச் சரிசெய்ய ஓர் உருண்டை, அவ்வளவுதான்.

நான் செம்பூரில் ஒரு மெடிக்கல் ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் கவுண்டரில் நின்று மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால் அம்மா, "மருந்து தின்னியாட்டி?" என்று கேட்பாள். அது எந்த மருந்து என்று எனக்கு ஒருநாளும் குழம்பியதில்லை.

என் தங்கை கபடி ஆடுகிறவள். எதிரணியின் பக்கம் தனியாகப் பாடிப்போய், தொட்டுவிட்டுத் தப்பி வருவது அவள் வேலை. தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு அவளைக் கூப்பிட்டபோது அப்பா வீட்டில் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் டிராம்பே போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொன்னார் என்று அவரோடு வேலைக்குப் போகிறவர்கள் வந்து சொன்னார்கள். வெளிநாட்டுப் போட்டிக்கான அணியை அந்த முகாமில்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதில் அவள் இருக்க வேண்டும். எங்கள் நான்கு பேருக்கும் அப்போது வேறு ஆசையே இல்லை.

தீபாவளிக்கு வந்தவள் சட்டையை மாற்றும்போது பார்த்தேன். நெஞ்சுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது. ஆட்டத்தில் பட்டது என்றாள். எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள்.

"விசில் ஊதுன பொறவும் விட மாட்டாளுவக்கா. முட்டிய நெஞ்சுல வச்சு அமுக்குவாளுவ. கோச் பாத்துக்கிட்டுதான் நிப்பாரு."

அணித்தலைவியும் அவள் கூட்டத்து மூன்று பேரும் தங்கியிருந்த அறையில் இவளைப் போட்டிருந்தார்கள். அவர்கள் துணியை இவள் துவைக்க வேண்டும். கூப்பிடுவது 'ஏ சாம்பார்' என்று. ஒருநாள் இவள் மெத்தையைத் தூக்கிக் குளியலறைத் தண்ணீரில் போட்டுவிட்டு, நீதான் நனைத்தாய் என்று சிரித்தார்கள். இத்தனைக்கும் அவர்களைவிட இவள் நன்றாக ஆடினாள். அதுதான் காரணம் என்று நான் சொன்னேன். அணி மேனேஜரிடம் போய்ச் சொல் என்றும் சொன்னேன். அதை இன்றைக்கும் நான் தப்பென்று நினைக்கவில்லை.

திரும்பிப் போகும்போது அம்மா ஓர் ஊறுகாய் பாட்டில் நிறைய மருந்தை அடைத்துக் கொடுத்தாள். முகாம் சாப்பாடு இவள் வயிற்றுக்குச் சேரவில்லை.

போனதும் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாராம். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் விஷயம் அணித்தலைவிக்குப் போய்விட்டது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது. அந்த வாரமே இவள் பையைக் கொட்டிப் பாட்டிலை எடுத்தார்கள். போனைப் பிடுங்கி, அம்மா அனுப்பிய குரல் செய்திகளை மொழிபெயர்க்கிற ஆப்பில் போட்டுப் பார்த்தார்கள். அதில் ஒன்று அகப்பட்டது. அம்மா சொல்லியிருந்தது இதுதான்:

"ஏட்டி, மருந்து தீந்துட்டா? இருந்தா யாரு கண்ணுலயும் படாம வச்சுத் தின்னு. கேக்காளுவன்னு எடுத்துக் குடுத்துராத. வெறும் வயித்துல ஒரு உருண்ட போடு, அப்பதான் ஓடதுக்குத் தெம்பு இருக்கும்."

எங்கள் சந்தில் எந்தத் தாயும் பிள்ளைக்குச் சொல்வதுதான். கண்படும், பங்கு கேட்பார்கள், ஒளித்துவைத்துத் தின்னு. ஆனால் ஹிந்தியில் அது வேறாகிவிட்டது. மருந்து என்பது தவா ஆனது, கடையில் விற்கிற மருந்து. ஒளித்து வை, யாருக்கும் கொடுக்காதே, வெறும் வயிற்றில், ஓடுவதற்குச் சக்தி. ஊக்கமருந்து என்று அவர்கள் கபடிச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று தங்கையை ரயிலேற்றி அனுப்பினார்கள். துன்புறுத்தினார்கள் என்று இவள் சொன்ன புகார் என்ன ஆனது என்று யாரும் பேசவில்லை.

சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தோம். அது போதாதாம். எல்லாப் பொருளும் பரிசோதனையில் தெரியாது, பாட்டிலில் இருப்பதைத் தனியாக ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். அந்த முடிவு இன்றுவரை வரவில்லை. சுக்கையும் ஓமத்தையும் எந்த ஊரில் வைத்து ஆராய்கிறார்களோ.

விசாரணை மாட்டுங்காவில் ஓர் அலுவலகத்தில் நடந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் தங்கையோடு நான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணைக் குழு மூன்று பேர், கூட அந்த மேனேஜர். குரல் செய்தியை மொழிபெயர்க்க மாட்டுங்காவிலேயே ஒரு தமிழ்ப் பெரியவரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏதோ அலுவலகத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. நம்மாள், இவருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சுத்தமான ஹிந்தியில், ஒரு சொல் குறையாமல், அந்த ஆப் சொன்னதையே சொன்னார்.

நான் எழுந்து, அது பண்டிகைக்கு வீட்டில் கிளறுவது, இஞ்சி மாதிரி, மசாலா மாதிரி என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். நடுவில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீ என்ன வேலை பார்க்கிறாய் என்றார்.

மெடிக்கல் ஸ்டோர் என்றேன். வேறு என்ன சொல்வது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு நான் சொன்னது எதுவும் அந்த மேசையைத் தாண்டவில்லை.

வெளியே வராந்தாவில் அந்தப் பெரியவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். விடவில்லை நான்.

"மாமா, உங்க வீட்ல தீவாளிக்கு மருந்து பண்ண மாட்டாவளா?"

"பண்ணாம என்னம்மா? எங்காத்துலயும் வருஷா வருஷம் உண்டு."

"பொறவு ஏன் அத அங்க சொல்லல?"

"வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்கோன்னா, சொன்னேன். விளக்கம் கேக்கலையே."

தங்கையின் தோளைத் தட்டி, எல்லாம் சரியாப் போயிடும் குழந்தே என்றுவிட்டு மெதுவாகப் படியிறங்கினார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அதற்குப் பிறகு தங்கை தினமும் காலையில் ஓடிவிட்டு வந்து போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழாயடியில் ஒருத்தி, "ஒம்மவ ஊசி போட்டுட்டாளாமே" என்று கேட்க, அம்மா குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

கடைசியில் மேனேஜரின் அழைப்பு என் போனுக்கு வந்தது. பேச்சில் தேன் ஒழுகியது. சின்னப் பிள்ளைகள், இரண்டு பக்கமும் மறந்துவிடலாம். அறையில் நடந்ததெல்லாம் வெறும் விளையாட்டு என்று உங்கள் தங்கை குழுவின் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அந்தப் பாட்டிலும் வீட்டு வைத்தியம் என்று முடித்துக்கொள்ளலாம். அணித்தேர்வு நெருங்குகிறது, பாருங்கள்.

ஆக, அது வீட்டு வைத்தியம் என்று அவர்களுக்கு முதலிலிருந்தே தெரியும். போகக்கூடாது, பேப்பர்காரர்களிடம் போவோம், வக்கீலைப் பார்ப்போம் என்று வீட்டில் கத்தினேன். எந்த வக்கீல், எந்தப் பேப்பர் என்று எனக்கே தெரியாது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பேயிக்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான ஆவணும்," என்றார் தட்டைப் பார்த்தபடியே.

"அதுக்கு இவ எதுக்கு ஏறணும்?" என்றேன்.

"எக்கா," என்றாள் தங்கை. "எனக்கு ஆடணும்."

அதோடு என் கத்தல் நின்றது.

மறுபடி அதே அலுவலகம், அதே மேசை. இம்முறை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. "மஸாக் தா, சார்," என்றாள். எல்லாம் கேலிதான் சார். நடுவில் இருந்தவர் அவளைப் பாராட்டினார். நல்ல விளையாட்டு வீராங்கனைக்கு இந்தப் பெருந்தன்மை வேண்டும் என்றார். சட்டைக்குள்ளே அந்த நீலம் அதற்குள் மஞ்சளாகியிருந்தது.

முகாமுக்குத் திரும்பினாள். அதே அறையில்தான் போட்டார்கள். அணியிலும் எடுத்துக்கொண்டார்கள். அப்பா மறுபடி பஸ்ஸில் பேசத் தொடங்கினார். சந்தில் எங்களுக்கு இனிப்பு கொடுத்தார்கள், ஊசி என்று கேட்டவள் உட்பட.

இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறாள். அணித்தலைவி ஒரு விதி வைத்திருக்கிறாளாம். இனி யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது, அதனால் இவள் வீட்டோடு ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும், ஹிந்தியில்தான் பேச வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்த ஹிந்தி காய்கறிக்காரனிடம் பேசுகிற ஹிந்தி.

"கானா காயா?" என்று கேட்பாள் அம்மா, சாப்பிட்டாயா என்று.

"காயா, அம்மா."

"பேட் டீக் ஹை?" வயிறு சரியாக இருக்கிறதா என்று.

"டீக் ஹை."

அந்தப் பக்கம் யாரோ அம்மாவைப் போலவே 'கானா காயா' என்று இழுத்துச் சொல்வதும் மற்றவர்கள் சிரிப்பதும் கேட்கும். அதற்குமேல் கேட்க அம்மாவிடம் சொல் கிடையாது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள். அந்தப் பக்கம் தங்கையும் வைக்க மாட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"ஏட்டி, 'ஒன்ன இன்னும் அடிக்காளுவளா'ன்னு ஹிந்தில எப்பிடிக் கேக்கணும்?"

எனக்குத் தெரியும். சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் அந்த அறையே கேட்டுக்கொண்டிருந்தது.