யாரும் எதையும் அழுத்தாத அறை

கிளையக்கா என்று கேட்டால்தான் அந்த அலுவலகத்தில் ஆளைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

கட்டிடத்தின் அடியில் சாவி வெட்டும் கடை, நடுவில் பல் டாக்டர், உச்சியில் இவர்கள். மூச்சு வாங்க ஏறி வந்தால் நீளமான ஓர் அறை, ஆளுக்கொரு மேஜை, சுவரெல்லாம் வண்ண வண்ணத் துண்டுத்தாள். போனில் படிக்கிற கதைகளை அங்கேதான் செய்தார்கள். சும்மா படித்துக்கொண்டே போகிற கதை இல்லை அது. நாலு வரி ஓடியதும் நின்றுவிடும். கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று உங்களையே கேட்கும். திறந்தால் ஒரு கதை, திறக்காவிட்டால் வேறொரு கதை. இப்படிப் பிரிந்து போகிற வழிக்குக் கிளை என்று பெயர். அந்தக் கிளைகளை எழுதுகிறவள் அவள்.

அதற்கு முன்னால் பல வருஷம் பேருந்து நிறுவனத்தின் விசாரணைப் பிரிவில் இருந்தாள். கூப்பிட்டால் ஒரு குரல் வந்து, இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும் என்று சொல்லுமே, அந்தக் குரல் இவளுடையதுதான். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததும் இவள்தான். அதிகம் படிக்கவில்லை, ஆனால் வாய் இருந்தது. அப்பா வழியில் எல்லோருக்குமே வாய் அதிகம். பெரியப்பா மெதுவாகப் பேசினாலே பக்கத்துத் தெரு நாய் எழுந்து உட்காரும். அம்மா வழிக்காரர்கள் அதற்கு நேர்மாறு. முகத்தைப் பார்த்துத்தான் பசிக்கிறதா கோபமா என்று கண்டுபிடிக்க வேண்டும். இவளுக்கு ரெண்டும் வந்து சேர்ந்திருந்தது. பேசினால் கூரை போகும், யோசிக்க ஆரம்பித்தால் கல்.

புதிதில் அவளும் இந்த வேலைக்கு வருகிற எல்லோரும் செய்கிற தப்பைச் செய்தாள். பிரித்த வழிகளை எங்கேயாவது ஒன்றாகச் சேர்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எழுதி மாளாது. ஒரு வழியில் அத்தை கோபித்துக்கொண்டு பையைத் தூக்கி பஸ் ஏறிவிட்டாள். இன்னொரு வழியில் போகவில்லை. ரெண்டும் சேர்ந்த இடத்தில் அத்தை அடுப்படியில் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எழுதியதைப் போனில் ஓட வைக்கிற நெட்டைதான் அதைப் பிடித்தான்.

"அக்கா, உங்க அத்தை பஸ்லயும் இருக்காங்க, அடுப்படியிலயும் இருக்காங்க. எந்த அத்தைக்குச் சக்கரை போடட்டும்?"

"ரெண்டு பேருக்குமே போடாதே. பரம்பரையா சக்கரை வியாதி."

சிரித்துச் சமாளித்தாலும் அன்றோடு அவளுக்குப் புத்தி வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால், யார் உள்ளே, யார் வெளியே, யாருக்கு யாரோடு பேச்சு இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்காருவாள். கல்யாணங்களில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவளுக்கு இது ஒரு பெரிய வித்தையா?

இப்போது அவள் எழுதியிருந்தது ஒரு வீட்டுக் கதை. மனைவியை இழந்த அப்பா, அவரை இனி யார் வைத்துக்கொள்வது என்று பேசக் கூடிய பிள்ளைகள். படிக்கிறவர்தான் அந்த வீட்டுக் கடைசித் தங்கை. மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்ததும் அண்ணன் கேட்கிறான்: நீ என்ன சொல்றே? திரையில் ரெண்டு பொத்தான். அப்பா என்னோடு இருக்கட்டும். என்னால் முடியாது. எதையும் அழுத்தாமலும் இருக்கலாம். இருந்தால் கதை காத்திருக்கும்.

இந்த மேஜை அவள் வீட்டில் இருந்த மேஜைதான். அம்மா போன பிறகு அண்ணன் இவளைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டான். இவள் யோசித்தாள். வாயைத் திறப்பதற்குள் அவன் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, "அப்ப சரி, தங்கச்சிகிட்டயே இருக்கட்டும்" என்று எழுந்துவிட்டான். அப்பா வந்தார், கடைசிவரை இவளோடுதான் இருந்தார். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற அவள் கணவனும் அப்பாவும் சீட்டு ஆடியபோது போட்ட சண்டைக்கு அக்கம்பக்கம் கூடி வேடிக்கை பார்த்திருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு தட்டு அவளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் ஆம் என்றுதான் சொல்லியிருப்பாள். சொல்ல விட்டிருக்கலாம்.

அந்தக் காட்சிக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது.

நிறுவனத்தை நடத்துகிற பெண்ணை எல்லோரும் பாஸ் என்றார்கள். வயதில் சிறியவள், கணக்கில் கெட்டி, குணத்தில் நல்லவள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, முன்னோட்டமா படிக்கக் கொடுத்தோமே, பாதிப் பேர் இந்த மேஜைகிட்ட வந்ததும் மூடிட்டுப் போயிடறாங்க. ஒரு நேரக்கோடு வைப்போம். கோடு குறைஞ்சுக்கிட்டே வரும். தீர்ந்தும் அழுத்தலேன்னா சரின்னு எடுத்துக்கிட்டுக் கதை போயிடும்."

"யாரு சரின்னாங்க?"

"யாரும் சொல்லல. கதை நகரணுமில்ல?"

"அந்தக் கோட்டுக்கு நான் எழுத மாட்டேன், பாஸ். வாய் திறக்காதவளுக்குப் பதிலா சரின்னு சொல்ற கதைய எழுத நான் எதுக்கு? நீங்களே தட்டிட்டுப் போயிடலாமே."

"அப்படின்னா காட்சியையே எடுத்துடறேன். அப்பா நேரா தங்கச்சி வீட்டுல இருக்கற மாதிரி ஆரம்பிச்சிடலாம்."

அடிமடியில் கை வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில், புது ஆள் ஒருவரை உட்கார வைத்துப் பார்ப்பது, அவர் மேஜைக் காட்சியைத் தாண்டிப் படித்தால் காட்சி இருக்கும், இல்லாவிட்டால் போகும் என்று முடிவாயிற்று.

ஆளை உட்கார வைத்துப் பார்ப்பதற்கு அங்கே ஒரு சட்டம் உண்டு. எழுதியவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. படிக்கிறவர் போனைக் கவிழ்த்து வைக்கிறவரை இருமல்கூட அடக்கித்தான் வர வேண்டும். எழுதியவர் வாயைத் திறந்தால் அப்புறம் அது கதையைப் பார்த்ததாகாது, அவர் முகத்தைப் பார்த்ததாகிவிடும்.

கீழே இருக்கிற சாவி வெட்டும் கடைக்காரம்மா வந்து உட்கார்ந்தாள். விரல் பறந்தது. மேஜை வந்ததும் நின்றது. யோசித்தாள், நல்ல அறிகுறிதான். கிளையக்கா பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் போயிற்று. கடைக்காரம்மா போனைக் காதருகே வைத்துக் குலுக்கினாள்.

"தம்பி, இது படுத்துடுச்சு. வேற போன் குடு."

பாஸ் திரும்பிக் கிளையக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வை போதாதா? மேஜைக்குத் திரும்பிய கிளையக்கா தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். பாஸ் சொன்னதில் நியாயம் இருந்தது. காத்திருக்க விட்டாளே தவிர, காத்திருக்கிறவருக்கு அவள் ஒன்றும் கொடுக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார் என்றால் யார் உட்காருவார்?

நிஜ அறை அப்படியா இருந்தது? ஒருவரும் பேசாத அந்த நேரத்தில் ஒருவரும் சும்மா இல்லை. அண்ணன் மூக்கின் நுனியைத் தேய்த்துக்கொண்டே இருந்தான், தீப்பிடித்துவிடும் போல. அண்ணி மடித்த துணியையே எடுத்து மறுபடி மடித்தாள். நடு அக்கா வராத இருமலை வரவழைத்து இருமினாள், அதுவும் அம்மா வழியில் சித்தி இருமுகிற மாதிரியே. அக்கா புருஷன் மட்டும் தட்டில் இருந்த பிஸ்கட் எல்லாவற்றையும் தின்று தீர்த்தார். அப்பா?

அப்பாவை நினைத்ததும் தலையை நிமிர்த்தினாள். ஜன்னலோரம் நாற்காலியில் அவர் இருந்தார். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளும்தான் கேட்கவில்லை.

பாஸிடம் இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொண்டு, மறுபடி உட்கார்ந்து எழுதினாள். இப்போது நீங்கள் பொத்தானை அழுத்தாமல் இருந்தால் அறை அசையத் தொடங்கும். மூக்கு தேயும், துணி மடியும், பிஸ்கட் குறையும். அதற்குமேலும் பொறுத்தால் ஜன்னலோரம் நாற்காலி கிறீச்சிடும். அப்பா எழுந்து, "என்னை யாராவது கேட்டீங்களாடா?" என்பார்.

ரெண்டாவது முறைக்குச் சொல்லி வைத்திருந்தவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். அன்று பார்த்து அண்ணன் படியேறி வந்தான். கீழே பல் பார்க்க வந்தவனை இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவன். பச்சை விளக்கு விழுகிறதற்கு முன்னாலேயே ஹாரன் அடிக்கிற ரகம்.

"சும்மாதான இருக்கீங்க சார், உங்க தங்கச்சி எழுதின கதை, கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று பாஸ் போனை நீட்டிவிட்டாள்.

கிளையக்கா வேண்டாம் என்று கையாட்டுவதற்குள் போன் அவன் கைக்குப் போய்விட்டது. இனிமேல் சட்டப்படி அவளுக்கு வாய் இல்லை. அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, ஒரு கேள்விக்குப் பதில் வரும்வரை பொறுக்கத் தெரியாத இந்த மனுஷன் கையிலா தன் காட்சி போய் மாட்ட வேண்டும்?

அண்ணன் எல்லாவற்றையும் பட்பட்டென்று தட்டிக்கொண்டே போனான். மேஜை வந்தது. கட்டைவிரல் பொத்தானுக்குமேல் போய் நின்றது. அழுத்தவில்லை.

திரையில் அந்த அண்ணன் மூக்கைத் தேய்த்தான்.

"ஏய், இது நானில்ல?" என்றான். பின்னாலிருந்து பதில் இல்லை. "மாமா பிஸ்கட் தின்றதக்கூட விடலையா நீ?" நெட்டை வாயைப் பொத்திக்கொண்டான்.

நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா எழுந்தார், கேட்டார். எனக்கு இந்த வீடே போதும், காலையில் யாராவது வந்து கதவைத் தட்டிவிட்டுப் போங்கள் என்றார். அண்ணன் அதை மெதுவாகப் படித்தான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்த முறை என்னால் முடியாது என்பதை அழுத்தினான், அப்பா நடு அக்கா வீட்டுக்குப் போனார். இன்னொரு முறை ஆரம்பித்தான். அப்பா தங்கையோடு வந்தார். மறுபடி ஆரம்பித்தான். கதவு, சாப்பாடு, தோட்டம் என்று முதலில் எட்டிப் பார்க்காத வழியிலெல்லாம் புகுந்து புறப்பட்டான். பாஸ் மெதுவாக நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகில் வந்தாள்.

"எங்க இருக்கு?" என்றான் அண்ணன்.

"எது சார்?"

"அப்பா என் வீட்டுக்கு வர்ற வழி. அண்ணன் வீட்டுக்கு. எதைத் தட்டினா வரும்?"

பாஸ் நெட்டையைப் பார்த்தாள். நெட்டை கிளையக்காவைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அண்ணன் கையில் இருந்த போனைக் காட்டினாள். பாஸ் அவன் காதருகே குனிந்து, போனைக் கவிழ்த்து வைத்தால்தான் அக்கா பேச முடியும் என்றாள்.

"இது வேறயா!" என்று படாரென்று கவிழ்த்தான். "இப்ப சொல்லு."

"எழுதலண்ணா."

"ஏன்?"

"நீ கூப்பிடுவேன்னு எனக்குத் தோணவே இல்ல."

அண்ணன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. திரும்பி அவளைப் பார்த்து உட்கார்ந்தான்.

"உங்க அண்ணி அன்னைக்குக் காலையிலயே முன்னறைய ஒழிச்சு வெச்சுட்டுத்தான் வந்தா. நான் உன்னை எதுக்குக் கேட்டேன்? நீ கடைக்குட்டி, அப்பாவுக்குச் செல்லம். நீ வாயே திறக்கல. சரி, இவளுக்கு அப்பா வேணும், நாம கூட்டிட்டுப் போனா புடுங்கிட்டான்னு நினைப்பாளோன்னு நானே முந்திக்கிட்டேன்."

"நான் யோசிச்சிட்டு இருந்தேன்!"

"யோசிக்கிறவ மூஞ்சியா அது? அடிக்க வர்ற மாதிரி இருந்துச்சு."

"அது அம்மா மூஞ்சி. உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதாலதான்டி பயந்தேன்."

அறையே சிரித்துவிட்டது. அவளும் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக, அண்ணன் மேஜையில் தட்டிய அந்தத் தட்டை அவள் ஒரே பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கதையை எத்தனையோ வழியாகப் பிரித்துப் போட்டவள், அண்ணன் பக்கம் ஒரு கிளை இருக்கும் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாஸ் எழுந்தாள். "நெட்டை, நேரக்கோடு வேண்டாம். காட்சி இருக்கட்டும். இதைத் திரும்பத் திரும்ப வந்து தேடுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. வெள்ளிக்கிழமை கதைய வெளிய விட்டுடலாம், அக்கா."

"ஒரு கிளை பாக்கி இருக்கு பாஸ். அது இல்லாம விடமாட்டேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?"

"ஆள் பக்கத்துலயே உக்காந்திருக்கு. ஏன் முடியாது?"

அண்ணனுடைய நாற்காலியைத் தன் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டாள். யார் உள்ளே, யார் வெளியே, யாருக்கு யாரோடு பேச்சு இல்லை என்று வழக்கம்போல் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள். விசைப்பலகையில் கை வைத்தாள்.

"முன்னறைல ஜன்னல் எந்தப் பக்கம்?"

"தெருப்பக்கம். காலை வெயில் கட்டில்மேலயே விழும். பஸ் போறது தெரியும். அவருக்கு அதான் வேணும்."

"சரி, நீ கூப்பிடறே. அவர் வரமாட்டேன்னு சொல்ற வழியும் வெக்கணும், அப்பாகிட்டயும் கேக்கணுமில்ல?"

"வை. வேண்டாம்னு சொல்லட்டும்."

"சொன்னா நீ என்ன செய்வே?"

அண்ணன் மூக்கைத் தேய்த்தான். அவள் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை.

"மறுநாள் வந்து மறுபடி கூப்பிடுவேன்னு எழுது" என்றான்.