பெயர் போடாத பதில்

ஊழியர் நலன் என் வேலை. அடையாள அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். சொந்தக்காரர் கல்யாணங்களில் யாராவது கேட்டால், "ஆபீஸ்ல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்களான்னு பாத்துக்கற வேலை" என்பேன். "இதுக்கெல்லாமா சம்பளம் தராங்க?" என்று என் அத்தை ஒருமுறை வாய்விட்டுக் கேட்டார். அன்றைக்குச் சுருக்கென்று இருந்தது. இப்போது அந்தக் கேள்வியில் தப்பில்லை என்றுதான் படுகிறது.

எங்களுடையது இன்ஷூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் நிறுவனம். பல வருடம் தி.நகரில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தோம். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. ஆனால் அவரவருக்கு என்று ஒரு நாற்காலி, மேசை மேல் ஒரு சாமி படம், கீழ் இழுப்பறையில் கொஞ்சம் முறுக்கு இருக்கும். போன வருடம் பெருங்குடிக்கு மாறினோம். கண்ணாடிக் கட்டடம், நல்ல ஏசி, காற்று திரும்பினால் மட்டும் குப்பைக் கிடங்கின் வாடை. அங்கே யாருக்கும் சொந்த இடம் கிடையாது. காலையில் எந்த மேசை காலியோ அதில் உட்கார வேண்டும். கூடவே ஒரு புது மென்பொருளும் வந்தது. ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் திரையில் நம் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளி விழும். சாயங்காலம் யாருக்கு எத்தனை புள்ளி என்று டீம் லீடருக்குப் பட்டியல் போகும்.

மாற்றத்தை ஊழியர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என மேலிடம் ஒரு கருத்துக் கணிப்பு நடத்தச் சொன்னது. பெயர் போட வேண்டாம், மனதில் இருப்பதை எழுதலாம். ஒருவரும் நிரப்பவில்லை. கல்லூரி நாளிலிருந்தே எனக்கு ஒரு வேலையைப் பாதியில் விட்டால் தூக்கம் வராது. மேசை மேசையாகப் போனேன். "பேரே வராது. நான் கியாரண்டி" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

அவளிடமும் சொன்னேன். மெரினா ஓரத்து நொச்சிக்குப்பத்துப் பெண், எங்களிடம் ஆறு வருடமாக இருப்பவள். அம்மா சாலையோரத்தில் மீன் விற்கிறார். வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் இவள்தான். படபடவென்று பேசுவாள், அதைவிட வேகமாக வேலை செய்வாள்.

"இன்னா மேடம், நெஜத்தயே எழுதலாமா?"

"நெஜத்தத்தான் எழுதணும். பொய் எழுதறதுக்கு எதுக்கு இவ்ளோ செலவு?"

சிரித்துக்கொண்டே எழுதினாள்.

இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. மயிலாப்பூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இரண்டு பஸ் மாறிப் பெருங்குடிக்கு வந்துகொண்டிருந்தார்கள். நானும் அதில் ஒருத்தி. ஆபீஸ் வேன் கேட்கலாம், அதற்கு ஆதாரம் வேண்டும் என்று கடைசியில் ஒரு கேள்வியை நானே சேர்த்தேன்: எந்த நிறுத்தத்தில் ஏறுகிறீர்கள்? மயிலாப்பூர் குளம், அடையாறு, திருவான்மியூர், நொச்சிக்குப்பம் என்று வரிசையாகப் போட்டேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் எனக்குக் கண் தெரியாது.

முடிவுகளைப் பார்க்க ஒரு கூட்டம் போட்டார்கள். எங்கள் ஆபரேஷன்ஸ் தலைவர் பட்டியலைப் பெரிய திரையில் விரித்தார். ஒவ்வொரு வரியிலும் மதிப்பெண், கருத்து, கடைசிப் பத்தியில் நிறுத்தம். எல்லா நிறுத்தத்துக்கும் ஆறு ஏழு பேராவது இருந்தார்கள். நொச்சிக்குப்பத்துக்கு நேராக ஒரே ஒரு வரி.

அந்த வரியை அவர் சத்தமாகவே படித்தார். "மஞ்சள் விழுமேன்னு எழுந்து பாத்ரூம் போறதில்ல. அதனால தண்ணி குடிக்கறத நிறுத்திட்டேன். போன மாசம் யூரின் இன்ஃபெக்ஷன் வந்து நாலு நாள் லீவு. ஜுரம்னு சொல்லித்தான் லீவு போட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவளுடைய டீம் லீடர் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். நிறுத்தத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தவளை தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று யாரோ முணுமுணுக்க, இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போதே எழுந்து திரையை அணைத்திருக்க வேண்டும். நான் குனிந்து எதையோ குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். எடுக்க ஒன்றுமே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

"பாவம், அந்தப் பொண்ணுக்கு நாம சப்போர்ட் பண்ணணும்" என்றார் தலைவர். உண்மையான கரிசனத்தோடுதான் சொன்னார். அந்த வாரமே அவளைக் கையால் எழுதிய படிவங்களைப் படிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். மஞ்சள் புள்ளி இல்லாத நிதானமான வேலை.

மறுநாள் காலையில் நான் உட்கார்ந்திருந்த மேசை முன்னால் வந்து நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நீங்கதான் மேடம் சொல்லி மாத்திவுட்டீங்க? எனக்குத் தெரியும். இப்போ நல்லா கீறேன். பாட்டில எடுத்து வெச்சிக்கினு குடிக்கறேன்."

அவள் எழுதியது யாருக்கெல்லாம் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. நான்தான் டீம் லீடரிடம் பக்குவமாகப் பேசி வைத்தேன் என்று நினைத்துக்கொண்டாள். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

அவளுக்குத் தெரியாத இன்னொன்றும் என்னிடம் இருந்தது. கையால் எழுதிய படிவங்களை இனி இயந்திரமே படிக்கும் என்று முடிவாகியிருந்தது. அந்தப் பிரிவு இந்தக் காலாண்டோடு மூடப்படும், அதில் இருப்பவர்களுக்கு வேலை இருக்காது. எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வெளியே சொன்னால் என் வேலை போகும். அவளை மாற்றிய தலைவருக்கும் அது தெரியும். அவரிடம் போய்க் கேட்டேன். "அதான் ரெண்டு மாசம் நிம்மதியா இருக்கட்டுமே" என்றார்.

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். அந்த மூன்று நாளும் அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பாட்டிலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். எனக்கு அவள் மேலேயே எரிச்சல் வந்தது. யார் இவளை இவ்வளவு நம்பச் சொன்னது என்று மனதுக்குள் திட்டினேன். நான்தான் சொன்னேன். மேசை மேசையாகப் போய்ச் சொன்னேன்.

நான்காம் நாள் மதியம் அவளை மாடிப்படிக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்தம் பற்றிய கேள்வி, கூட்டத்தில் படித்தது, நான் வாயைத் திறக்காதது, மூடப்போகும் பிரிவு. அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எல்லார் எதுருலயுமா படிச்சாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாம்."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "செரி. இப்போ நான் இன்னா செய்யணும்?"

"பழைய வேலைக்கே போறேன்னு மெயில் போடு. இந்த வாரமே. வேலை போறவங்க பட்டியல் இன்னும் கையெழுத்தாகல."

"கஷ்டமா கீதுன்னு எழுதுனதாலதான மாத்துனாங்க? இப்போ திரும்பிப் போறேன்னா வுடுவாங்களா?"

நானும் அதை யோசித்து வைத்திருந்தேன். "அன்னிக்கு ஏதோ மனசு சரியில்லாம கொஞ்சம் அதிகமா எழுதிட்டேன்னு சொல்லு."

அவள் என்னையே பார்த்தாள். "அப்போ நான் எழுதுனது பொய்ன்னு எழுதணும்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எனக்கு இந்த மாதிரில்லாம் இங்கிலீஷ்ல எழுத வராது மேடம். நீங்களே சொல்லுங்க, அடிக்கிறேன்."

அந்தப் படியிலேயே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் சொல்லச் சொல்ல அவள் செல்போனில் அடித்தாள். புதிய சூழல் எனக்குப் பழகிவிட்டது. இலக்குகள் எனக்கு ஊக்கம் தருகின்றன. என் உடல்நலத்துக்கும் வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பதினைந்து வருடமாக ஊழியர் நலன் பற்றி எழுதிப் பழகிய கை. ஒரு வாக்கியத்துக்குக்கூட நான் திணறவில்லை.

முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் விரல் இன்னும் திரைமேல் நின்றது.

"தண்ணி நல்லா குடிக்கறேன்னும் ஒரு வரி போட்டுடலாமா மேடம்? அத்தத்தான அன்னிக்கு எல்லாருக்கும் படிச்சி காட்டுனாங்க."

போடு என்றேன். அந்த வரியையும் நானே சொன்னேன். அனுப்பிவிட்டு எழுந்தவள், கையிலிருந்த பாட்டில் தண்ணீரை வாசலோரக் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.