திரையில் வரும் பெயர்

"யுகேந்திரன்தானே அக்கா?"

அந்த மாணவி விரலைப் போன் திரைக்கு மேலே நிறுத்திக்கொண்டு கேட்டாள். செல்லாயி எண்ணெயிலிருந்து கிழங்குக்கறி வைத்த கறிபாப்பை வடித்தபடி ஆமாம் என்றாள். விரல் அழுத்தியது.

ஈப்போவில் பல்கலைக்கழக வாசலில் கடை போட்டிருக்கும் செல்லாயியிடம் பெயர் கேட்காமல் பணம் அனுப்புகிறவர்கள் குறைவு. வேறு யாருக்காவது போய்விட்டால் திரும்ப வாங்க முடியாது என்ற பயம். சீனப் பையன்கள் யுகேன் என்பார்கள். மலாய்ப் பெண்கள் முழுப் பெயரையும் சொல்லிப் பார்த்துத் தடுக்கிச் சிரிப்பார்கள். எல்லாருக்கும் ஆமாம்தான்.

தன் கணக்கின் கியூஆர் அட்டையைக் கடையில் ஒட்டியவன் அவள் மகன். அதற்கு முன்பெல்லாம் மாணவர்கள் மேசையைப் பார்த்துவிட்டு, கையில் காசில்லை என்று தாண்டிப் போவார்கள். ஒட்டிய வாரமே வரிசை நின்றது. சில மாதங்களில், சுங்கை சிப்புட் சாலையில், அவன் மோட்டாரோடு ஒரு லோரிக்கு அடியில் போனான்.

கருமாதி முடிந்து கடை திறந்த அன்று ஒரு பையன் அதே பெயரைக் கேட்டான். அன்றும் ஆமாம் என்றாள். பேங்கில் சொல்லி அட்டையை மாற்றும்படி மூத்த மகள் ஷாமினி பலமுறை கேட்டுவிட்டாள். செல்லாயி தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். வேறெங்கும் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. வீட்டில் அதை விழுங்கப் பழகியிருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் மகனுடைய போனில் பேங்க் செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, கணக்குக்காரரின் முகத்தைக் காட்டச் சொன்னது. செல்லாயி தன் முகத்தைக் காட்டினாள். பொருந்தவில்லை என்றது. முன்னறைச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் மாலையை ஒதுக்கி, அவன் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தாள். திரையில் முகத்தைச் சுற்றியிருந்த வட்டம் பச்சையானது. கீழே மலாயில் ஒரு வரி வந்தது.

"என்னாவாம்?"

ஷாமினி எட்டிப் பார்த்தாள். "கண்ணச் சிமிட்டணுமாம்."

செல்லாயி கையை இறக்கவில்லை. வட்டம் சிவந்தது. மறுபடி பச்சையாகி அதையே கேட்டது.

"போதும்லா அம்மா. உங்க பேர்லயே புது அட்ட எடுத்துரலாம்."

"எடு."

மறுநாள் ஷாமினி வேலைக்கு லீவு போட்டாள். பேங்கில் இருந்தவர்கள் இறப்புச் சான்றிதழின் நகலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்மாவும் மகளும் செல்லாயியின் கணக்குக்குப் புது கியூஆர் எடுத்து, பக்கத்துக் கடையில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டார்கள். மதியம் கடை திறந்தது. சிலர் செல்லாயியா என்று கேட்டார்கள். சிலர் கேட்கவில்லை. கறிபாப் முடிந்ததும் எண்ணெய் ஆறும்வரை உட்கார்ந்திருந்து, டின்னில் ஊற்றி மூடி, சிலிபினில் இருக்கும் வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.